தண்டுவடம் அடிபட்ட விளையாட்டு வீரனுக்கு அடுத்து என்ன? ஓர் அக்காவின் கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 22 வயது. சிறு வயதிலிருந்தே ஜிம்னாஸ்டிக்ஸ். ஏழு மாதம் முன்பு பயிற்சியில் தலைகுப்புற விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுவிட்டது. மருத்துவக் குறிப்பில் "சி6, ஏ" என்று எழுதியிருக்கிறார்கள். தோள் அசைகிறது, முழங்கை மடங்குகிறது, மணிக்கட்டு நிமிர்கிறது. விரல்கள் அசையவில்லை, நெஞ்சுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. "விளையாட்டு இல்லன்னா நான் யாரு?" என்கிறான். பாராலிம்பிக் வீரர்களின் வீடியோவைக் காட்டினால் எரிந்து விழுகிறான். நடப்பானா, பாரா விளையாட்டில் சேர்த்துவிடலாமா, என்ன சொல்லித் தேற்றுவது என்று அக்கா கேட்கிறார்.

தண்டுவடக் காயப் பிரிவில் பல வருடங்களாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மல்யுத்தம், கால்பந்து, டைவிங் என்று மைதானத்திலிருந்து நேராக எங்கள் வார்டுக்கு வந்தவர்களோடு நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். அந்த உரிமையில் முதலில் ஒன்று சொல்கிறேன்: அந்த வீடியோக்களை நிறுத்திவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் காட்டுகிறீர்கள். ஆனால் அவன் காதில் விழுவது "இவங்க இவ்வளவு செய்யறாங்க, நீ ஏன் சும்மா படுத்திருக்கே?" என்பதுதான். ஏழு மாதத்துக்கு முன்புவரை தன் உடம்பை மற்றவர் வியந்து பார்த்தே பழகிய பையன், இன்னொருவர் உடம்போடு ஒப்பிடப்படுவதை எப்படித் தாங்குவான்?

அவனிடம் குறைந்திருப்பது ஊக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் முழுக்க அவனைக் கவனித்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுவது, எப்போது குளிப்பது, என்ன சட்டை, யார் வந்து பார்க்கலாம், கதவு திறந்திருக்க வேண்டுமா, எப்போது விளக்கை அணைப்பது... இவற்றில் எதை அவன் முடிவு செய்கிறான்? பெரும்பாலான வீடுகளில் பதில், எதையும் இல்லை. அன்பினால்தான் அப்படி ஆகிறது. ஆனால் தண்டுவடம் பறிக்காத ஒன்றை, அதாவது முடிவெடுக்கும் உரிமையை, நாம் பறித்துவிடுகிறோம். வாழ்க்கை திரும்பக் கட்டப்படுவது அந்த இடத்திலிருந்துதான். நடைப் பயிற்சியிலிருந்து அல்ல, பதக்கத்திலிருந்தும் அல்ல. கீழே நான் சொல்லப்போகும் மருத்துவ விஷயங்களையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். அவற்றில் ஒவ்வொன்றும் அவன் கைக்குப் போக வேண்டிய ஒரு முடிவு.

முதலில் அந்த "சி6, ஏ". கழுத்துப் பகுதியிலிருந்து எட்டு ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஐந்தாவது முழங்கையை மடக்குகிறது, ஆறாவது மணிக்கட்டை நிமிர்த்துகிறது, ஏழாவது முழங்கையை நீட்டுகிறது, எட்டாவது விரல்களை மடக்குகிறது. ஆறாவது வரை நன்றாக இருக்கிறது என்பதுதான் சி6. "ஏ" என்றால் முழுமையான காயம். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் போய்ச் சேரும் ஆசனவாய்ப் பகுதியில் உணர்வும் இல்லை, தசை அசைவும் இல்லை என்று சோதித்துப் பார்த்து எழுதுவது அது. அடிபட்ட சில நாட்களில் எழுதியதா, சமீபத்தில் எழுதியதா என்று கேளுங்கள். ஆரம்ப நாட்களின் சோதனை பின்னால் மாறுவது உண்டு. ஏழாவது மாதத்தில் ஒருமுறை முழுமையாக மறுபடி சோதிக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

நடப்பானா? ஏழு மாதத்துக்குப் பிறகும் "ஏ" என்றே இருந்தால், கால்கள் பழையபடி நடக்கும் அளவுக்குத் திரும்ப வாய்ப்பு மிகக் குறைவு. நரம்பு வழி மீட்சி முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாக நடக்கும், ஒரு வருடத்துக்குப் பிறகு மிகவும் மெதுவாகிவிடும். இதை அவனிடம் மறைக்காதீர்கள். விளையாட்டு வீரர்கள் ஸ்கோரைத் தெரிந்துகொண்டு ஆடிப் பழகியவர்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஸ்கோர் போர்டை மறைத்துவைத்தால் அவர்களுக்குச் சந்தேகமும் கோபமும்தான் வரும். மருத்துவரே நேரடியாக, அவன் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் நேரம் ஒதுக்கி, அவனிடம் பேசட்டும். உங்களை வெளியே கூப்பிட்டுத் தனியாகப் பேசும் பழக்கத்தை மருத்துவமனையிலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் கால்களைப் பற்றிய கேள்வியிலேயே நின்றுவிட்டால் கைகளைத் தவறவிடுவோம். அவனுக்கு மணிக்கட்டு நிமிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய சொத்து. மணிக்கட்டை நிமிர்த்தினால் செயலிழந்த விரல்கள் தானாக மடங்கும், தளர்த்தினால் விரியும். விரல் தசைநார்கள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் இந்த மடங்கலே ஒரு பிடியாகிவிடும். கப்பை எடுக்கலாம், போனைப் பிடிக்கலாம். இதை டெனோடெசிஸ் பிடி என்போம். அதனால் வீட்டில் யாராவது "விரல் மடங்கிப் போயிடும்" என்று பயந்து, மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாக நீட்டி நீட்டி இழுத்துவிடுகிறார்களா என்று பாருங்கள். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தளர்ச்சி வந்துவிட்டால் பிடி போய்விடும். ஜிம்னாஸ்ட் என்பதால் அவனுக்கே நீட்டிப் பயிற்சி செய்யத் தோன்றும், அவனுக்கும் சொல்லிவையுங்கள்.

அடுத்ததற்கு அவசரம் உண்டு. முழங்கை நீட்டவும் விரல் மடக்கவும் உதவும் அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று, வேலை செய்யும் தசையின் தசைநாரை எடுத்து வேலை செய்யாத இடத்தில் பொருத்துவது. பல பத்தாண்டுகளாகச் செய்யப்படுவது, வருடங்கள் கழித்தும் செய்யலாம். இன்னொன்று நரம்பு மாற்றம்: காயத்துக்கு மேலிருந்து வரும் நல்ல நரம்பின் ஒரு கிளையை, காயத்துக்குக் கீழிருந்து கிளம்பும் நரம்போடு இணைப்பது. 2019இல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர்கள் 16 பேருக்கு இதைச் செய்து, கைநீட்டலிலும் பிடியிலும் கிடைத்த முன்னேற்றத்தை வெளியிட்டார்கள். சில தசைகளுக்கு இது காயத்துக்குப் பிறகு சீக்கிரமாகச் செய்தால்தான் பலிக்கும், அவர்கள் எடுத்துக்கொண்டவர்களும் காயம் பட்டு 18 மாதத்துக்குள் இருந்தவர்கள்தான். எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் தம்பி ஏழாவது மாதத்தில் இருக்கிறான், அதனால் கை அறுவை சிகிச்சை நிபுணரை இப்போதே பார்த்து அபிப்பிராயம் கேளுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவன் சொல்லட்டும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. தண்டுவடக் காயம் பட்ட 681 பேரிடம் "எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மேம்படும்?" என்று கேட்ட ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. கைகளும் கால்களும் செயலிழந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முதலிடம் கொடுத்தது கைகளுக்கு. கால்கள் மட்டும் செயலிழந்தவர்களிடம் முதலிடம் பெற்றது பாலுறவுச் செயல்பாடு. நடை இரண்டு பட்டியலிலும் முதலிடத்தில் இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கோ நடையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

ராப் சம்மர்ஸ் என்ற அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர் 2006இல் கார் மோதி நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தார். தண்டுவடத்தின் மேல் மின்தூண்டல் கருவி பொருத்தி, கடுமையான பயிற்சிக்குப் பிறகு, கருவி ஓடும்போது சில நிமிடங்கள் தன் கால்களில் எழுந்து நிற்க முடிந்தது. 2011இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தபோது உலகமே அந்த நிற்கும் படத்தைத்தான் பார்த்தது. அதே கட்டுரையில் சிறுநீர்ப்பை, உடல் வெப்பம், பாலுறவு ஆகியவற்றிலும் முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு அதுதான் பெரிய செய்தி என்பேன். ஆராய்ச்சி நகர்கிறது, நம்பிக்கை வைக்கலாம். "ஸ்டெம்செல் போட்டால் நடப்பான்" என்று பணம் கேட்பவர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர் கணிப்பு எவ்வளவு தப்பும் என்பதற்கு இன்னொரு ஆய்வு. 1994இல் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர், செவிலியர்களிடம், "உங்களுக்கே கழுத்துத் தண்டுவடம் போய்விட்டால், உயிரோடு இருப்பதற்காக மகிழ்வீர்களா?" என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 18 சதவீதம். உண்மையிலேயே அந்தக் காயத்தோடு வாழ்பவர்களிடம் கேட்டபோது 92 சதவீதம். நோயாளிகளைத் தினமும் பார்க்கும் தொழில்காரர்களின் கணிப்பே இப்படி. உங்கள் வீட்டுக்கு வந்து, அவன் காதுபடவே "இப்படி இருக்கறதுக்கு..." என்று இழுக்கும் உறவினர்களை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "விபத்தில் முடங்கியவரும் லாட்டரி அடித்தவரும் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று ஊக்கப் பேச்சாளர்கள் 1978ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். அந்த ஆய்வில் முடங்கியவர்கள் 29 பேர், லாட்டரி வென்றவர்கள் 22 பேர். முடங்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மகிழ்ச்சியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பலரும் எதிர்பார்க்கும் அளவுக்கு அடிமட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆகவே தம்பியின் துக்கம் நிஜம். அதை யாரும் கணக்குக் காட்டிக் கரைத்துவிட முடியாது.

விளையாட்டு வீரருக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் தன்னை எந்த அளவுக்கு "நான் விளையாட்டு வீரன்" என்று மட்டுமே பார்க்கிறார் என்பதை அளக்க 1993இல் புரூவர் என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அந்த அடையாளம் வலுவாக இருக்கும்வரை அதுவே பலம், கடும் பயிற்சியைத் தாங்க வைக்கும். காயம் வந்துவிட்டால் அதுவே உடைகிற இடம். சிறு வயதிலேயே தொடங்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற விளையாட்டில் இது இன்னும் கூடுதல். "நான் யாரு?" என்ற தம்பியின் கேள்விக்கு நீங்கள் பதில் தேடிக் கொடுக்க வேண்டாம். கேள்வியை அவன் கேட்கட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். "உனக்கு நாங்க இருக்கோம்" என்பது ஆறுதல்தான், ஆனால் அவன் கேட்டது அதை அல்ல.

அதே விளையாட்டுப் பழக்கங்கள் இப்போது பாதி உதவும், பாதி கெடுக்கும். உதவுவது: ஒரு பெரிய வித்தையைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, ஒவ்வொன்றாகப் பழகி, கடைசியில் சேர்ப்பது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது ஒரு ஜிம்னாஸ்டிக் வித்தைதான். முழங்கையை நீட்டும் தசை வேலை செய்யாதபோது, தோளை வெளிப்பக்கம் திருப்பி முழங்கையைப் பூட்டி, தலையை ஒரு பக்கம் வீசினால் இடுப்பு மறுபக்கம் நகரும். எல்லோருக்கும் இது வராது, வருவதற்கும் மாதக்கணக்காகும். ஆனால் எடையை எங்கே வைப்பது, எப்போது வீசுவது என்பது இந்தப் பையனின் உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த மொழி. எங்கள் துறையில் சேரும் இளம் பிசியோக்களைவிட இத்தகைய வீரர்கள் வேகமாகப் புரிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கெடுப்பது: வலியைப் பொறு, உடம்பு சொல்வதைக் கேட்காதே என்ற பழக்கம். இங்கே அது ஆபத்து. மூன்று விஷயங்களை அவன் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஆறாவது மார்பு நரம்புக்கு மேலே காயம் பட்டவர்களுக்கு திடீர் ரத்த அழுத்த ஏற்றம் வரலாம். மருத்துவர்கள் அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியது, மலச்சிக்கல், உள்ளே வளர்ந்த கால் நகம், இறுக்கமான பெல்ட், இப்படி அவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கீழே உறுத்த, உடம்பு ரத்த அழுத்தத்தை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். தலை பிளப்பதுபோல வலி, முகம் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடைகளைத் தளர்த்துங்கள், சிறுநீரை வெளியேற்றும் குழாய் (கதீட்டர்) மடங்கியிருக்கிறதா பாருங்கள், காரணத்தைத் தேடி நீக்குங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு வழக்கமான ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணே 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140 என்றால் விஷயம் தெரியாத மருத்துவர் "நார்மல்தானே" என்று அனுப்பிவிடக்கூடும். அவனுடைய வழக்கமான அளவை ஓர் அட்டையில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.

இரண்டாவது தோல். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை மாற்ற வேண்டும். கைகளை ஊன்றி எழும்புவது அவனுக்கு வீரமாகத் தெரியும், ஆனால் தோளைக் கெடுக்கும், போதிய நேரம் நிற்கவும் முடியாது. முன்பக்கமோ பக்கவாட்டிலோ சாய்ந்து இரண்டு நிமிடம் இருப்பது நல்லது. ஒரு படுக்கைப்புண் மாதக்கணக்கில் அவனை மறுபடி படுக்கையில் போட்டுவிடும். மூன்றாவது தோள். இனி அவன் சக்கர நாற்காலியை ஓட்டவும் உடம்பை நகர்த்தவும் அதே தோள்தான். வலித்தால் ஓய்வு. ஜிம்னாஸ்டுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எங்களுக்கே நாக்கு தள்ளிவிடும்.

இப்போது யாரும் கேட்கத் தயங்கும் விஷயம், சிறுநீரும் மலமும். விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகளில் இது வருவதே இல்லை. ஆனால் வீட்டைவிட்டு வெளியே போகிறார்களா, நண்பர்களைச் சந்திக்கிறார்களா, வேலைக்குப் போகிறார்களா என்பதை எதையும்விட இதுதான் தீர்மானிக்கிறது. ஒருநாளில் நாலு முதல் ஆறு முறை சுத்தமான கதீட்டரை வைத்து சிறுநீரை எடுத்துவிடும் முறை பலருக்கு நல்லது. சி6 ஆண்களில் சிலர் உதவிக் கருவிகளோடு தாங்களே செய்துகொள்கிறார்கள். முடியாதவர்களுக்கு அடிவயிற்று வழிக் குழாய் உட்பட வேறு வழிகள் உண்டு. மலத்துக்கு ஒரே நேரம், ஒரே முறை, சாப்பாட்டுக்குப் பிறகு. குடலுக்கும் பயிற்சி அட்டவணை வேண்டும். இது ஒழுங்குக்கு வந்துவிட்டால் "வெளிய போனா அசிங்கமாயிடும்" என்ற பயம் விலகும். தம்பி அறையைவிட்டு வராததற்கு மனச்சோர்வுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், இந்தப் பயமா என்று பாருங்கள். உங்களிடம் சொல்ல மாட்டான். ஒரு ஆண் செவிலியரிடமோ, இதே காயத்தோடு சில வருடம் வாழ்ந்த இன்னொருவரிடமோ சொல்வான். பாலுறவு, குழந்தை பற்றிய கேள்விகளும் அப்படித்தான். வழிகள் இருக்கின்றன, அப்பாவாகவும் முடியும். ஆனால் அந்தப் பேச்சு அக்கா முன்னால் நடக்காது. சிகிச்சைக் குழுவில் ஒருவர் தானாக முன்வந்து பேச வேண்டும்.

மனச்சோர்வு நிஜமாகவே இருக்கவும் கூடும். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு தற்கொலை ஆபத்து பொது மக்களைவிட அதிகம், முதல் சில வருடங்களில் குறிப்பாக. "செத்திருக்கலாம்" என்று அவன் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் எண்ணம் வராது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவன் பயிற்சியாளர் மீது கோபமாக இருந்தால் அதையும் அடக்கச் சொல்லாதீர்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் உலகில் அதற்கு வரலாறு இருக்கிறது. 1978 உலக சாம்பியனான சோவியத் வீராங்கனை எலெனா முகினா, கால் முறிவு சரியாக ஆறாத நிலையில் மறுபடி பயிற்சிக்கு இறக்கப்பட்டு, 1980 ஜூலையில், ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் முன்பு, தாமஸ் சால்ட்டோ என்ற வித்தையைப் பழகும்போது கழுத்து முறிந்தார். கைகால் செயலிழந்து வாழ்ந்து 2006இல் இறந்தார். அந்த வித்தை பின்னர் பெண்கள் பிரிவில் தடை செய்யப்பட்டது. விழுந்தவர் பலவீனமானவர் என்று சொல்லி மூடிவிடுவது எளிது. தம்பி விஷயத்தில் மெத்தை, மேற்பார்வை எல்லாம் சரியாக இருந்ததா என்று அவன் கேட்க விரும்பினால், கேட்க உதவுங்கள்.

சரி, அர்த்தமுள்ள வாழ்க்கை என்பது கடைசியில் எதிலிருந்து வந்திருக்கிறது? அமெரிக்க மோட்டார் பைக் வீரர் வெய்ன் ரெய்னி 1990, 91, 92 என்று மூன்று வருடம் தொடர்ந்து 500 சிசி உலக சாம்பியன். 1993இல் இத்தாலியின் மிசானோ ஓடுதளத்தில் விழுந்து நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தார். அடுத்த வருடமே அணித் தலைமைப் பொறுப்போடு பந்தயத்துக்கு வந்துவிட்டார், பின்னாளில் அமெரிக்க சாலைப் பந்தயத் தொடரையே நடத்தினார். ஜெர்மன் சைக்கிள் வீராங்கனை கிறிஸ்டினா ஃபோகலுக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கம், பதினொரு உலகப் பட்டம். 2018 ஜூனில் பயிற்சி ஓடுதளத்தில் இன்னொரு வீரர் மீது மோதி, ஏழாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் போனது. அடுத்த வருடம் எர்ஃபுர்ட் நகர மன்றத் தேர்தலில் வென்றார். சீன ஜிம்னாஸ்ட் சாங் லான் 17 வயதில், 1998 நியூயார்க் நல்லெண்ணப் போட்டிகளின்போது வால்ட் (ஓடிவந்து மேசையைத் தாண்டும் வித்தை) பயிற்சியில் கழுத்தில் அடிபட்டவர். தம்பியின் காயத்துக்கு மிக நெருக்கமான மட்டம். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் படித்து, தொலைக்காட்சியில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்தினார், பிறகு திருமணம், ஒரு மகன். பேஸ்பாலில் பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடிய ராய் கேம்பனெல்லா 1958இல் கார் விபத்தில் முடங்கிய பிறகும் இளம் கேட்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவியாக இருந்த ப்ரீத்தி ஸ்ரீனிவாசன் 1998இல், 18 வயதில், கடற்கரையில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பிற்பாடு தண்டுவடக் காயம்பட்டவர்களுக்காகவே திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்ற அமைப்பைத் தொடங்கினார்.

பட்டியலை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. இவர்களில் யாரும் "முன்பு போல" ஆகவில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும், இவர் வராவிட்டால் நின்றுபோகும் என்று சொல்லக்கூடிய ஒரு வேலை இருந்தது. ரெய்னி இல்லாமல் அணி ஓடாது, கேம்பனெல்லா வராவிட்டால் இளம் கேட்சருக்குத் திருத்தம் கிடைக்காது. இப்படி ஒன்றுதான் தம்பிக்கு வேண்டும், மிகச் சின்னதாக. அவன் பழைய குழுவில் உள்ள சின்னப் பிள்ளைகளின் பயிற்சி வீடியோவை அனுப்பி, தரையிறங்கும்போது முழங்கால் எங்கே போகிறது, சுழற்சி எங்கே தாமதமாகிறது என்று அவன் சொல்லட்டும். பொய்யாக வேண்டாம். அவன் சொன்னதை அந்தப் பிள்ளை செய்து பார்த்து, பலித்ததா இல்லையா என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இரக்கத்துக்காகக் கொடுக்கும் வேலையை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான். ஜிம்னாஸ்டிக்ஸே பிடிக்காமல் போனால் அதுவும் சரி, கணக்கோ, கோடிங்கோ, வேறு எதுவோ. தேர்வு அவனுடையது.

பாரா விளையாட்டு பற்றி. சர் லுட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இப்படி அடிபட்டவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்பதே மருத்துவ எதிர்பார்ப்பு. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 முன்னாள் படையினரை வில்வித்தைப் போட்டிக்கு இறக்கினார். அங்கிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கின் முதல் தங்கத்தை 1972இல் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் வென்ற முரளிகாந்த் பேட்கர், 1965 போரில் குண்டடி படுவதற்கு முன் ராணுவக் குத்துச்சண்டை வீரர். பழைய விளையாட்டு போய் இன்னொன்று வந்தது.

சி6 அளவில் இருப்பவருக்கு மிகப் பொருத்தம் சக்கர நாற்காலி ரக்பி. 1970களில் கனடாவின் வின்னிபெக்கில், கைகளும் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே உருவானது. ஒவ்வொரு வீரருக்கும் செயல்திறனைப் பொறுத்து 0.5 முதல் 3.5 வரை புள்ளி, களத்தில் நாலு பேரின் கூட்டு பொதுவாக 8ஐத் தாண்டக் கூடாது. அதனால் குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் அணியே அமையாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். ஆனால் இப்போது பெயர் கொடுத்துவிடாதீர்கள். முதலில் தோல், சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாம் நிலைப்பட வேண்டும். கழுத்துக் காயத்தில் வியர்வை சரியாக வராது, வெயிலில் உடம்பு சூடேறினால் இறங்காது, தண்ணீர் தெளித்துக் குளிர வைக்க வேண்டும். அவன் கேட்கும் நாளில், வெறுமனே பார்வையாளனாக ஒரு பயிற்சிக்கு அழைத்துப் போங்கள். அங்கே காரிலிருந்து தானே இறங்குவது எப்படி, காதலியிடம் என்ன சொன்னான், எந்தக் கதீட்டர் நல்லது என்று பையன்களுக்குள் பேசிக்கொள்வதில் அவனுக்குக் கிடைப்பது எங்கள் வார்டில் கிடைக்காது. ஆட்டம் பிடிக்காமல் திரும்பினாலும் அது நஷ்டமில்லை.

கடைசியாக வீட்டில் இருக்கும் மற்றவர்கள். அநேகமாக அம்மா ஒருவரே தூக்கி, திருப்பி, குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். சில வருடத்தில் அவருடைய முதுகு போய்விடும், அதற்குத் தானே காரணம் என்று தம்பி நினைப்பான். சறுக்குப் பலகையும் தூக்கும் கருவியும் ஆடம்பரம் இல்லை. குறைந்தது இருவருக்கு முழுப் பராமரிப்பும் பழகியிருக்க வேண்டும், அதில் ஒருவர் முடிந்தால் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். அவருக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது தம்பியின் பொறுப்பு. தன் கையால் செய்ய முடியாததை மற்றவரிடம் தெளிவாகச் சொல்லிச் செய்ய வைப்பதை நாங்கள் ஒரு திறமையாகவே கற்றுக்கொடுக்கிறோம். அடுத்த முறை பிசியோவுக்குப் போகும்போது அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள், அறைக்குள் அவன் மட்டும் போகட்டும்.